பெயர் இல்லாத ஒரே ஆள்

“இப்ப என்னை என்னன்னு சொன்னீங்க?”

சர்வீஸ் மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். அது ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனி. தரைத்தளத்துக் கூட்ட அறையில் மெக்கானிக்குகள் சீருடையோடு உட்கார்ந்து, தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் பெண் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. மேனேஜர் எழுந்த பிறகுதான் உண்மையிலேயே கேட்க ஆரம்பித்தார்கள்.

“சிஸ் ஆண்னு சொன்னேன் சார். பிறந்தப்போ உங்களை ஆண்னு சொன்னாங்க. நீங்களும் உங்களை அப்படித்தான் நினைக்கிறீங்க. அந்த மாதிரி இருக்கறவங்களுக்கு அது பேரு. அவ்வளவுதான்.”

“எனக்கு எதுக்குப் பேரு?”

“திருநங்கை, திருநம்பின்னு சில பேருக்கு ஒரு சொல் இருக்கில்ல சார். மத்தவங்களுக்கும் ஒண்ணு வேணுமே.”

“மத்தவங்களுக்கு எதுக்கும்மா சொல்லு? மத்தவங்கதானே எல்லாரும்?”

அது திட்டு இல்லை, வலதுகைக்காரர் என்று சொல்வதைப் போலத்தான் என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். தன்னை இதுவரை யாரும் வலதுகைக்காரர் என்று கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் திரும்பியும் பார்க்க மாட்டேன் என்றார் மேனேஜர். உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் இனி சொல்லவில்லை சார் என்று அவள் விட்டுக்கொடுத்தாள். விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எதிராளி ஒப்புக்கொண்டுவிட்டார் என்பதற்காகச் சண்டையைப் பாதியில் நிறுத்துகிறவர் அல்ல நம் மேனேஜர்.

“நான் கேட்டேனா? நான் கேட்காத பேரை எனக்கு எப்படி வைக்கலாம்? அதைச் சொல்லுங்க முதல்ல.”

பின்வரிசையில் மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காரணம் உண்டு. லிஃப்ட் ஓடும் கூண்டுப் பள்ளத்தில் இரைச்சல் அதிகம். வாக்கி-டாக்கியில் முழுப்பேர் எடுபடாது என்று சொல்லி, வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே ஒரு பட்டப்பேர் வைப்பது மேனேஜரின் வழக்கம். ஆளை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். பேர் விழுந்துவிடும். நெட்டையாக ஒல்லியாக வந்தவர் ஒட்டடைக்குச்சி ஆனார். சேர்ந்த அன்று முந்தைய இரவுத் தூக்கம் தீராமல் வாயைப் பிளந்தவர் கொட்டாவி ஆனார். கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் அவர் கொட்டாவிதான்.

மெக்கானிக்குகளில் ஒரு திருநங்கையும் இருந்தாள். கண்ட்ரோல் பலகையைத் திறந்து வைத்தால் எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள். அவள் சேர்ந்த அன்று மேனேஜர் வழக்கத்தைவிட அதிக நேரம் யோசித்தார். வாய் வரைக்கும் வந்த பேர்களையெல்லாம் விழுங்கிவிட்டு, “புதுசு” என்று வைத்தார். தன் வாழ்நாளில் தான் காட்டிய மிகப் பெரிய கண்ணியம் அது என்று இன்றைக்கும் நம்புகிறார். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சீனியர் ஆகிவிட்டார்கள். அவள் மட்டும் இன்னும் புதுசு.

மேனேஜருக்கு மட்டும் பட்டப்பேர் கிடையாது. வாக்கி-டாக்கியில் அவர் வெறும் “ஆபீஸ்”. பேர் வைக்கிறவனுக்கு எதற்குப் பேர்? முதல் சேனலில் அவர் உத்தரவு ஓடும். இரண்டாவது சேனல், ஸ்டோரில் உதிரிபாகம் கேட்பதற்கு. “அங்க ஒரே இரைச்சல் சார், உங்களுக்குத் தலைவலி வந்துடும்” என்று வாக்கி-டாக்கி அழைப்புகளைக் கவனிக்கும் ரேடியோ அக்கா சொல்லியிருந்ததால் அவர் அந்தப் பக்கம் போனதில்லை. ஒரு விசேஷம் என்னவென்றால், அவர் எந்த இடத்துக்குத் திடீரென்று போய் நின்றாலும் அங்கே எல்லாரும் ஏற்கெனவே மும்முரமாக வேலையில் இருப்பார்கள். இதை அவர் தன் ஆளுமையின் வீச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆளுமைக்குத்தான் இப்போது சோதனை. வட்டார மேலாளர் பதவி காலியாக இருந்தது. எம்.டி. மேடம் நேரில் வந்து பார்த்து முடிவு செய்யப் போகிறார். அந்த நாற்காலியில் ஒரு மனுஷன் போய் உட்காரலாம். ஒரு “சிஸ்” எப்படி உட்காரும்? விடக்கூடாது என்று முடிவு செய்தார்.

பயிற்சியின் பலனாகப் புது அடையாள அட்டை வந்தது. போட்டோவுக்குக் கீழே ஒரு வரியில் அவரவர் பாலின அடையாளம். சொல்லாதவர்களுக்குக் கம்ப்யூட்டரே ஒன்றைப் போட்டுவிடும். மேனேஜருக்குப் போட்டது எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு நேராக ஹெச்.ஆர். மேடத்திடம் போனார்.

“இதை எடுத்துட்டு ‘சாதாரண ஆண்’னு போடுங்க.”

“அப்ப மத்தவங்கள்லாம் அசாதாரணமா சார்?”

“அது அவங்க கவலை.”

ஹெச்.ஆர். மேடத்துக்கு ஓய்வு பெற அதிக நாள் இல்லை. எதற்கும் வாதாடுவதில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டிருந்தார். மறுநாளே அட்டை அச்சாகி வந்தது. அச்சுப் பிழையில் “ஆண்” விடுபட்டிருந்தது. போட்டோவுக்குக் கீழே “சாதாரண”, அதற்குக் கீழே “மேனேஜர்”.

அந்த அட்டையோடு அவர் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குப் போனார். கூடவே கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒட்டடைக்குச்சி. வளாகத்தின் நிர்வாகி கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு அட்டையைப் படித்தார்.

“சாதாரண மேனேஜரா? எங்க லிஃப்ட் ரொம்பத் தொல்லை கொடுக்குதுங்க. கொஞ்சம் ஸ்பெஷலா யாராவது இருந்தா அனுப்பக் கூடாதா?”

பிறகு ஒட்டடைக்குச்சியின் அட்டையைப் பார்த்தார். அதில் சிஸ் ஆண் என்று இருந்தது. அது ஏதோ மேல்படிப்பு என்று நினைத்திருக்க வேண்டும். “நீங்க உள்ள வாங்க சார்” என்று ஒட்டடைக்குச்சியை ஏ.சி. அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். கருவிப்பெட்டி மேனேஜர் கையில் இருந்தது.

அடுத்த நாள் மறுபடியும் ஹெச்.ஆர். எதுவுமே வேண்டாம், அந்த வரியைக் காலியாக விடுங்கள் என்றார் மேனேஜர். ஏற்கெனவே போட்டதை அழித்துக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்காது, “சொல்ல விரும்பவில்லை” என்று போட்டுக்கொள்ளும் என்றார் ஹெச்.ஆர். மேடம். பரவாயில்லையா என்று ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டார்.

“சரியாத்தானே இருக்கு? நான் சொல்ல விரும்பலை. அதையே போடுங்க.”

ஜெயித்துவிட்ட மிதப்பில் வீட்டுக்குப் போனார். சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி, பையில் இருந்த அட்டையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் அவருக்குப் பிடித்ததாகவே எல்லாம் இருந்தது. கல்லூரிக்குப் போகிற மகள் கடந்து போகும்போது தோளைத் தட்டிக்கொடுத்தாள். தலையணை மேல் ஒரு துண்டுப் பிரசுரம் இருந்தது. “உங்கள் உண்மையை உரியவர்களிடம் சொல்வது எப்படி?”

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகிறவரைப் போல ஆப்பிளோடு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுவா இருந்தாலும் எங்ககிட்ட சொல்லலாம் மாப்ள.”

“என்ன சொல்லணும்?”

“இப்பவே சொல்லணும்னு இல்ல. அவசரமே இல்ல. தங்கச்சி ரொம்பத் தைரியமா இருக்கா.”

“மச்சான், நான் ஆம்பளை.”

“நல்லது மாப்ள. யாரு இல்லேங்கறா?” பிடித்த கையை மச்சான் விடவில்லை. “மனசுக்குள்ள?”

“மனசுக்குள்ளயும் ஆம்பளைதான்.”

“அப்ப அதுக்குன்னு ஒரு வார்த்தை இருக்காமே, பாப்பா சொல்றா. அதைப் போட்டுக்க வேண்டியதுதானே? உள்ள ஒண்ணும் இல்லேன்னா எதுக்கு மாப்ள மறைக்கறீங்க?”

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்ன சொன்னாலும் அந்த வார்த்தையில்தான் போய் முடியும் என்று தெரிந்தது. மூடிக்கொண்டார். அந்த மௌனத்தை மச்சான் கண்ணீர் மல்கப் புரிந்துகொண்டார். போகும்போது வாசலில் அண்ணனும் தங்கையும் குசுகுசுவென்று பேசிக்கொண்டதில், “ஒத்துக்கிட்டார்” என்பது மட்டும் காதில் விழுந்தது.

இனி அட்டையோடு மல்லுக்கட்டிப் பலனில்லை, வேரையே பிடுங்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார். உட்கார்ந்து ஒரு விதியை உருவாக்கினார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். “இந்த நிறுவனத்தில் எவரும், ஒருவர் தானாகக் கேட்டுப் பெறாத எந்தப் பேராலும் அவரை அழைக்கக் கூடாது. மீறினால் நடவடிக்கை.” இதில் சிஸ் அடிபட்டுப் போகும். யாரும் பாரபட்சம் என்று சொல்லவும் முடியாது. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார்.

தலைமை அலுவலகம் சொக்கிப்போய்விட்டது. இப்படி முற்போக்கான சிந்தனை ஒரு கிளையிலிருந்து வந்ததே இல்லையாம். விதி உடனே அமலுக்கு வருகிறது, பாராட்டுவதற்கு எம்.டி. மேடமே நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது.

மேடம் வரும் நாள் காலை எல்லாரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார் மேனேஜர். அன்றைக்கு அவர்கள் அலுவலகக் கட்டடத்தின் லிஃப்டையே கழற்றிப் பார்த்து எண்ணெய் போட வேண்டிய முறை. கதவு சரியாக மூடவில்லை, அதை முதலில் பார்த்துவிடலாமே என்றார் ஒட்டடைக்குச்சி.

“லிஃப்ட் எங்கப்பா ஓடிப்போகுது? வந்து உட்காரு.”

உட்கார்ந்தார்கள். விதியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். வாசித்து முடித்ததும் புதுசு கையைத் தூக்கினாள்.

“இது எல்லாருக்கும்தானே சார்?”

“எல்லாருக்கும்தான்.”

“வாக்கி-டாக்கியிலயும்?”

“வாக்கி-டாக்கி, வாசல், வராண்டா, எங்கயும். கேட்காத பேரு வேண்டாம்னா வேண்டாம். அதுல எனக்கு விட்டுக்கொடுக்கறதே கிடையாது.”

“நல்ல விதி சார்” என்றாள் புதுசு. அறை முழுக்க ஒரு சந்தோஷம் பரவியதை மேனேஜர் கவனித்தார். அது தனக்கான பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குள் எம்.டி. மேடம் வந்துவிட்டார். அதிகம் பேசாதவர். கேள்வி மட்டும் கேட்பார், பதிலைக் கேட்டுவிட்டு அதே முகத்தோடு அடுத்த கேள்விக்குப் போவார். மாடியில் அலுவலகத்தைக் காட்டுவதற்காக மேனேஜர் அவரை லிஃப்டுக்கு அழைத்துப் போனார். பின்னாலேயே ஒட்டடைக்குச்சி, கொட்டாவி, புதுசு மூன்று பேரும் கருவிப்பெட்டிகளோடு ஏறினார்கள். உடனே மேலே சிவப்பு விளக்கு எரிந்து, காதைக் கிழிக்கிற மாதிரி மணி அடிக்க ஆரம்பித்தது. கதவு மூடவில்லை.

“இதுதான் மேடம் ஓவர்லோடு மணி” என்று மேனேஜர் மணியை மீறிக் கத்தி விளக்கினார். “இது இருக்கே, தானும் நகராது, அடுத்தவங்களையும் நகர விடாது. கத்திக்கிட்டே நிக்கும். நாலு பேர் இறங்கிப் போனாத்தான் வாயை மூடும்.”

ஒட்டடைக்குச்சிக்கு இருமல் வந்தது. கொட்டாவி கூரையைப் பார்த்தார். புதுசு குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அவள் ஷூவில் லேஸ் கிடையாது. “இறங்குங்கப்பா, இறங்குங்க” என்று மேனேஜர் விரட்ட, மூன்று பேரும் இறங்கினார்கள். மணி நின்றது. கதவு ஒரு முனகலோடு மூடியது.

மேலே போகப் போக மேனேஜர் தன் விதியைப் பற்றிப் பேசினார். மேடம் கேட்டுக்கொண்டே வந்தார்.

“உங்க ஆட்களை உங்களுக்கு நல்லாத் தெரியுமா?”

“என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க? குடும்பம் மாதிரி.”

அப்போது லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. இரண்டு மாடிகளுக்கு நடுவே. விளக்கு அணைந்து, அவசர விளக்கு மங்கலாக எரிந்தது.

மேனேஜர் பதறவில்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. தன் ஆட்கள் எவ்வளவு வேகமாக வந்து நிற்கிறார்கள் என்று மேடம் கண்ணாலேயே பார்க்கட்டும். இடுப்பிலிருந்து வாக்கி-டாக்கியை எடுத்தார்.

“ஆபீஸ் பேசறேன். லிஃப்ட்ல நான் மாட்டிக்கிட்டிருக்கேன். கூட மேடம் இருக்காங்க.”

“சொல்லுங்க ஆபீஸ்” என்றது ரேடியோ அக்காவின் குரல். “யாரை அனுப்பட்டும்?”

“ஒட்டடை...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு நடைமுறையைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் நின்றுவிட்டால், இன்னார் கதவைத் திறக்க வேண்டும், இன்னார் மோட்டாரைப் பிடிக்க வேண்டும் என்று ஆளைப் பேர் சொல்லி ஒப்படைக்காமல் யாரும் எதையும் தொடக்கூடாது. ஒருவர் கதவைத் திறக்கும்போது இன்னொருவர் மோட்டாரை ஓட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் கதி என்ன? இந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவரும் மேனேஜர்தான். இதை மீறியதற்காகக் கொட்டாவியை ஒருமுறை வேலைக்கு வர வேண்டாம் என்று திருப்பி அனுப்பியும் இருக்கிறார்.

“அக்கா, யாராவது ஒருத்தரை அனுப்புங்க.”

“யாராவதுன்னு யாரும் இல்லையே சார். பேர் சொல்லுங்க.”

“அந்த... உயரமா, ஒல்லியா இருப்பாரே.”

“அப்படிச் சொன்னா இப்ப விதிக்கு விரோதம் இல்லையா சார்?”

மேனேஜர் குத்துமதிப்பாக, ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிற ஒரு பேரைச் சொல்லிப் பார்த்தார். மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

“அந்தப் பேர்ல நம்மகிட்ட யாரும் இல்லீங்க.”

இன்னொரு பேரைச் சொன்னார். அதுவும் இல்லை. மூன்றாவதாகச் சொன்ன பேருக்கு, “அது என் வீட்டுக்காரர் பேரு சார், அவர் பேக்கரி வச்சிருக்கார்” என்றார் அக்கா.

“குடும்பத்துல ஒருத்தர் பேர்கூடவா தெரியாது?” என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. வட்டார மேலாளர் நாற்காலி தன் கண்ணெதிரே மெல்ல மெல்ல மேலே போவதும் தான் மட்டும் நடுவழியில் தொங்குவதும் மேனேஜருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினார். பிடிவாதத்தை விழுங்குவது, வாய் வரைக்கும் வந்த பட்டப்பேரை விழுங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“ஏம்மா... கண்ட்ரோல் பார்க்கற அம்மா. கேட்குதா?”

“கேட்குது சார். உங்க தலைக்கு மேல்மாடியில கதவுகிட்டதான் நிக்கிறோம். சாவி கையில இருக்கு. நீங்க சொல்லணும்.”

“உன் பேரு என்ன?”

அவள் சொன்னாள். சின்னப் பேர். அந்த இரைச்சலிலும் கணீரென்று கேட்டது.

“வாக்கி-டாக்கிக்குன்னே வச்ச மாதிரி இருக்கே. இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“கேட்டிருக்கலாமே சார்.”

மற்ற இருவர் பேரையும் கேட்டார். சொன்னார்கள். ஒட்டடைக்குச்சியின் பேர் அத்தனை கம்பீரமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மூன்றையும் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவராகப் பேர் சொல்லி, கதவு உனக்கு, மோட்டார் உனக்கு, விளக்கு உனக்கு என்று ஒப்படைத்தார். தலைக்கு மேலே சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. கதவு விலகியது. மேல்மாடியின் தரை அவர் மார்பு உயரத்தில் இருந்தது. முதலில் மேடத்தைத் தூக்கிவிட்டார்கள். பிறகு மேனேஜரை இரண்டு கைகளையும் பிடித்து, மூட்டையைப் போல இழுத்து மேலே போட்டார்கள்.

மேடம் சேலையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். வட்டார மேலாளர் விஷயத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம், முதலில் இந்தக் கிளையில் இருக்கிறவர்களோடு அறிமுகம் செய்துகொள்ளுங்கள் என்றார்.

மேனேஜர் எழுந்து நின்று சட்டையைச் சரி செய்துகொண்டார். எல்லாம் கைவிட்டுப் போய்விடவில்லை. பெருந்தன்மை என்று ஒன்று இருக்கிறதே, அதை மேடம் எதிரிலேயே காட்டிவிட்டால்? மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

“எனக்கு இன்னிக்குப் புரிஞ்சுதுப்பா. எல்லாருக்கும் நான் பேர் வச்சேன். எனக்குன்னு ஒரு பேர் ஒட்டவே கூடாதுன்னு நின்னேன். அது தப்பு. இத்தனை வருஷமா பேர் இல்லாத ஒரே ஆளா இருந்துட்டேன். இனிமே அப்படி வேண்டாம். அந்த வார்த்தையை நான் ஏத்துக்கறேன். நானே வாய்விட்டுக் கேட்கறேன், விதிப்படி செல்லும். இன்னியிலேர்ந்து நீங்க என்னை தாராளமா சிஸ்னே கூப்பிடலாம்.”

புதுசு என்று இனி யாரும் கூப்பிட முடியாத அந்தப் பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு சாவியைத் துடைத்தாள். நெட்டை மனிதர் வாக்கி-டாக்கியின் சேனல் திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். கடைசியில், வேலை நேரத்தில் வாயைத் திறந்து பேசியே பழக்கமில்லாத அந்த மூன்றாவது ஆள், நீளமாக ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

“அதெல்லாம் வேணாம் சார். ரெண்டாவது சேனல்ல இத்தனை வருஷமா ஓவர்லோடுன்னே கூப்பிட்டு எங்களுக்கு வாய் பழகிப்போச்சு.”